கூர்மை வேறு, நல்ல கத்தி வேறு

சித்தி ஒரு நாள் கூப்பிட்டார். "டேய், என் கத்தி போயிடுச்சுடா. நல்லதா ஒன்னு பார்த்துச் சொல்லு. விலை கூட இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

நேரில் போய்ப் பார்த்தேன். தக்காளியின் மேல் கத்தியை வைத்து அழுத்தினார். தோல் உள்ளே குழிந்தது. கத்தி வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. கடைசியில் பழம் நசுங்கிச் சாறு பலகை முழுக்கப் பரவியது. நான் அந்தக் கத்தியை வாங்கி, கையோடு கொண்டுபோயிருந்த சாணைக்கல்லில் 15 நிமிடம் தீட்டிக் கொடுத்தேன். அடுத்த தக்காளிக்கு அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. கத்தியை வைத்து இழுத்ததுமே தோல் சத்தமில்லாமல் பிரிந்தது. சித்தி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதே கத்திதானாடா இது?"

அதே கத்திதான். போனது கத்தி இல்லை, கத்தியின் கூர். கத்தியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். "நல்ல கத்தி" என்றால் கூராக வெட்டும் கத்தி, "மோசமான கத்தி" என்றால் வெட்டாத கத்தி என்று முடித்துவிடுகிறோம். புது சைக்கிள் வாங்கும்போது டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தா சைக்கிளின் தரத்தை முடிவு செய்கிறோம்? காற்று இறங்கினால் அடித்துக்கொள்ளலாம். கூரும் அப்படித்தான். அது கத்தியின் இப்போதைய நிலை. கத்தியின் தரம் என்பது அதன் அமைப்பு: எவ்வளவு மெல்லியது, எந்த எஃகு, என்ன வடிவம், கையில் எப்படி உட்காருகிறது. நிலையை மாற்றலாம். அமைப்பை மாற்ற முடியாது. வாங்கும்போது பார்க்க வேண்டியது அமைப்பைத்தான்.

எதைப் பார்ப்பது என்று புரிய, கத்தி எப்படி வெட்டுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

## கத்தி எப்படி வெட்டுகிறது?

ஒரு சோப்புக் கட்டியை விரலால் அழுத்துங்கள். லேசாகக் குழியும், அவ்வளவுதான். அதே பலத்தோடு ஓர் ஊசியை அழுத்தினால் சட்டென்று உள்ளே இறங்கும். நீங்கள் கொடுத்த பலம் ஒன்றுதான், அது விழுந்த இடத்தின் பரப்பு மட்டும் வேறு. பரப்பு சிறிதானால் அந்த இடத்தில் அழுத்தம் பல மடங்கு ஏறும்.

கத்தி என்பது நீளவாக்கில் இழுத்துவிட்ட ஊசி முனை. அதன் வெட்டும் ஓரத்தை இனி 'வாய்' என்றே சொல்கிறேன். மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர். நன்றாகத் தீட்டிய சமையல் கத்தியின் வாய் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கும். மழுங்கிய கத்தியில் அது பல மடங்கு அகன்று உருண்டு கிடக்கும். அதனால்தான் சித்தியின் தக்காளி குழிந்தது: தோல் கிழிவதற்குத் தேவையான அழுத்தம் அங்கே சேரவே இல்லை, அதற்குள் பழம் நசுங்கிவிட்டது.

இது முதல் பகுதி. இரண்டாவது, இழுப்பு. காகிதத்தின் ஓரத்தில் விரலை நேராக வைத்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதே ஓரம் விரல்மேல் உரசிக்கொண்டு ஓடினால் கீறிவிடும். கத்திக்கும் இதே கதைதான். மேலிருந்து கீழாக மட்டும் அழுத்துவதைவிட, முன்னாலோ பின்னாலோ நகர்த்திக்கொண்டே இறக்கினால் பொருளின் மேல்பரப்பு இழுபட்டு, மிகக் குறைந்த அழுத்தத்திலேயே பிளக்கத் தொடங்கும். எவ்வளவு நல்ல கத்தியாக இருந்தாலும் தக்காளியை நேராக அழுத்தி வெட்டாதீர்கள், இழுத்து வெட்டுங்கள்.

மூன்றாவது பகுதியைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் கத்தி தேர்ந்தெடுப்பதில் அதுதான் பாதி விஷயம். வாய் உள்ளே நுழைந்த பிறகு, அதன் பின்னாலேயே கத்தியின் உடம்பும் நுழைந்தாக வேண்டுமே?

ஒரு தடிமனான கேரட்டை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். சில கத்திகளில் பாதி தூரம் போனதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கேரட் தானாகவே இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு பலகையைவிட்டு ஓடும். பிளந்த முகத்தைத் தடவினால் மேல்பாதி வழவழப்பாகவும் கீழ்பாதி சொரசொரப்பாகவும் இருக்கும். வழவழப்பான பாதியைக் கத்தி வெட்டியது. சொரசொரப்பான பாதியை யாரும் வெட்டவில்லை, கத்தியின் பருத்த உடம்பு ஆப்பு போல உள்ளே இறங்கிப் பிளந்திருக்கிறது. கோடரி விறகைப் பிளப்பது இப்படித்தான். கோடரியை எவ்வளவு கூராக்கினாலும் கேரட்டை மெல்லிய வில்லைகளாக அரிய முடியாது.

ஆக, வாய்க்குச் சற்று மேலே கத்தி எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பது முக்கியம். இதை 'வாய்த் தடிமன்' என்போம். நல்ல சமையல் கத்திகளில் இது 0.2 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கத்தியின் முதுகு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தாலும் குற்றமில்லை, அங்கிருந்து வாயை நோக்கி ஒரே சீராக மெலிந்து வர வேண்டும். முதுகிலிருந்து பாதிவரை ஒரே தடிமனாக வந்து, கடைசியில் மட்டும் திடீரென்று சரிந்து கூராகும் கத்தி, கடையில் காகிதத்தை அழகாகக் கிழிக்கும். வீட்டுக்கு வந்து கேரட்டைப் பிளக்கும்.

இதுவரை பார்த்தது: கூரான வாய் பொருளைத் திறக்கிறது, இழுப்பு அதற்கு உதவுகிறது, மெல்லிய உடம்பு தடையில்லாமல் உள்ளே போகிறது. இதில் முதலாவதை எப்போது வேண்டுமானாலும் தீட்டி மீட்கலாம். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாவது கத்தி செய்தபோதே முடிவானது.

## கூர் ஏன் போகிறது?

காய்கறி மென்மையானது, எஃகு கடினமானது. பிறகு எப்படி மழுங்குகிறது? சித்தியும் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி.

பதில், வாய் அவ்வளவு மெல்லியது என்பதில் இருக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தில் எஃகு நாம் நினைப்பதுபோல் கெட்டியான சுவர் இல்லை, மெல்லிய தகட்டின் விளிம்பு மாதிரி. பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தம் வந்தாலும் மடங்கும். சில இடங்களில் சில்லு பெயரும். மிச்சம் மெதுவாகத் தேயும். 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், சவரம் செய்யும்போது பிளேடுக்கு என்ன ஆகிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முடி அந்த எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும், சில கோணங்களில் முடி வளைந்து அழுத்தும்போது பிளேடின் ஓரத்தில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடிக்கே இந்த நிலை.

ஆனால் சமையலறையில் கத்தியை அதிகம் மழுக்குவது காய்கறி இல்லை, அதற்குக் கீழே இருக்கும் பலகை. ஒவ்வொரு வெட்டும் முடிவது பலகையின் மேல்தான். கண்ணாடிப் பலகை, பளிங்குக் கல், கிரானைட் மேடை, பீங்கான் தட்டு ஆகியவற்றின்மேல் வெட்டினால் சில நிமிடங்களிலேயே வாய் மடங்கிவிடும். மரமும் மென்மையான பிளாஸ்டிக்கும் கத்திக்கு இடம் கொடுக்கும். இன்னொரு பழக்கம், நறுக்கிய காயைக் கத்தியின் வாயாலேயே பலகையில் தேய்த்து ஒதுக்குவது. வாய்க்குக் குறுக்கே போகும் அந்த இழுப்பு, நூறு வெட்டு வெட்டினாலும் வராத சேதத்தைச் செய்யும். கத்தியைக் கவிழ்த்து முதுகால் ஒதுக்கினால் போதும்.

## எஃகைப் பற்றித் தெரிந்தால் போதுமான அளவு

கத்தி விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது எஃகுதான். அதிகம் குழப்புவதும் அதுதான். இரண்டு சொற்களைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கண்ணாடித் தம்ளரையும் பிளாஸ்டிக் தம்ளரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். பிளாஸ்டிக் நாலு நாளில் கீறிப் போகும், ஆனால் விழுந்தால் எழுந்து நிற்கும். கீறலுக்கும் அமுங்கலுக்கும் அசையாமல் இருப்பது 'கடினம்'. உடையாமல் தாங்குவது 'உறுதி'. எஃகில் ஒன்றைக் கூட்டினால் மற்றது பொதுவாகக் குறையும். கத்தி செய்பவர்கள் காலங்காலமாகச் சமாளித்து வரும் இழுபறி இதுதான்.

கடினத்தை அளக்க ராக்வெல் அளவுகோல் இருக்கிறது. ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் அமெரிக்காவில் 1919இல் காப்புரிமை பெற்ற கருவி அது. எஃகில் ஒரு வைரக் கூம்பை அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். குறைவாக இறங்கினால் எண் அதிகம். கத்திப் பெட்டியில் 'எச்ஆர்சி 58' என்று போட்டிருந்தால் அந்த எண்தான். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானின் சகாய், செகி போன்ற ஊர்களிலிருந்து வரும் கத்திகள் பல 60ஐத் தாண்டும்.

60ஐத் தாண்டியது மேல் என்று நினைத்துவிட வேண்டாம். கடினம் கூடிய கத்தியில் வாய் சீக்கிரம் மடங்காது, கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் எலும்பிலோ உறைந்த இறைச்சியிலோ பட்டால், அல்லது பூசணிக்குள் மாட்டிக்கொண்ட கத்தியைத் திருகி எடுத்தால், சில்லு பெயரும். 56இல் இருக்கும் கத்தி இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். பதிலுக்கு அடிக்கடி தீட்டச் சொல்லும், தீட்டுவதும் எளிது. வீட்டில் நாலு பேர் கை மாறி மாறிப் புழங்கும் கத்திக்கு நான் 56 முதல் 60க்குள் இருப்பதையே சொல்வேன். ஒருவர் மட்டும் கவனமாகப் பயன்படுத்துவார் என்றால் அதற்கு மேலும் போகலாம்.

இந்த எண் எஃகின் பெயரால் மட்டும் வருவதில்லை. எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி, எண்ணெயிலோ வேறு முறையிலோ சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போலக் கடினமாகும், கண்ணாடி போலவே உடையவும் செய்யும். அதை மறுபடி குறைந்த சூட்டில் வைத்தெடுத்தால் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறும். இந்த வேலைக்குப் 'பதம் ஏற்றுதல்' என்று பெயர். ஒரே எஃகைச் சரியாகப் பதம் ஏற்றினால் நல்ல கத்தி. தவறினால் பெட்டியில் எவ்வளவு பெரிய பெயர் அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. அரிசி ஒன்றுதான், பதம் தவறினால் குழைந்துவிடும் அல்லவா, அது மாதிரி.

அப்புறம் துரு. சாதாரண எஃகில் இரும்பும் கார்பனும்தான் பிரதானம். அதைக் 'கார்பன் எஃகு' என்பார்கள். ஈரத்தோடு விட்டால் துருவேறும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் அரித்துப் போகாமல் இருக்க வெவ்வேறு எஃகுக் கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு அரிப்புக்கு அசையாமல் நிற்பதைக் கவனித்தார். கத்தித் தொழிலுக்குப் பெயர்போன ஊர் என்பதால் அது விரைவிலேயே சாப்பாட்டு மேசைக் கத்திகளுக்கு வந்தது. அதுதான் நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகு. குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறினால் அந்த இடத்தில் படலம் மறுபடி உருவாகிவிடும். உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறப்போட்டால் மட்டும் அந்தப் படலமும் தோற்றுப்போகும். சிறு சிறு புள்ளிகளாகத் துரு எட்டிப்பார்க்கும்.

"எவர்சில்வர் கத்தி கூர் ஏறாது" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கார்பன் குறைந்த, மலிவான எவர்சில்வருக்கு அது பொருந்தும். ஸ்பூன் செய்யும் எஃகு கத்திக்கு ஆகாது. ஜெர்மன் கத்திகளில் பரவலாக உள்ள எஃகில் அரை விழுக்காடு கார்பனும் 15 விழுக்காடு குரோமியமும் இருக்கின்றன. ஜப்பானின் விஜி-10 எஃகில் கார்பன் ஏறத்தாழ 1 விழுக்காடு. இரண்டுமே அருமையாகக் கூரேறும். கார்பன் எஃகுக் கத்தி கல்லில் இன்னும் இதமாகத் தீட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் உடனே கழுவித் துடைத்து வைக்க வேண்டும். எலுமிச்சை நறுக்கினால் கறுக்கும், கவனிக்காமல் விட்டால் துருவேறும். முதல் கத்தி வாங்குபவருக்கு எவர்சில்வரே சரி.

அலை அலையாகக் கோலம் ஓடும் 'டமாஸ்கஸ்' கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டமாஸ்கஸ் வாள்களில் அந்தக் கோலம் எஃகின் உள்ளமைப்பிலிருந்தே வந்தது. இன்றைய சமையல் கத்திகளில் பெரும்பாலும் அது இரு பக்கமும் பொருத்திய அடுக்குத் தகடுகளின் வேலை. வெட்டுவது நடுவில் இருக்கும் வேறொரு எஃகு. பார்க்க அழகு, அந்த அழகுக்காக வாங்கினால் தவறே இல்லை. கோலத்தால் கூர் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

சுருக்கமாக: கடினம் கூரை நிறுத்தி வைக்கும், உறுதி உடையாமல் காக்கும், குரோமியம் துருவைத் தள்ளி வைக்கும், மூன்றையும் சரியாக அமர வைப்பது பதம்.

## கோணம்: பென்சில் சீவிய மாதிரி

பென்சிலை நீளமாக, ஊசி போலச் சீவினால் மெல்லிய கோடு வரும், ஆனால் அழுத்தி எழுதினால் முனை ஒடியும். மொண்ணையாகச் சீவினால் கோடு தடிக்கும், முனை நிற்கும். கத்தியின் வாயில் இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோணமும் இதே கணக்குதான். மேற்கத்தியக் கத்திகளில் பக்கத்துக்கு 20 டிகிரி என்பது பழைய வழக்கம். இப்போது பல நிறுவனங்கள் 15ஐ ஒட்டி வந்துவிட்டன. ஜப்பானியக் கத்திகள் பல 15 அல்லது அதற்கும் கீழே. கோணம் சிறிதாக வேண்டும் என்றால் எஃகு கடினமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெல்லிய வாய் மடங்கிவிடும். கடின எஃகும் சிறு கோணமும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஜப்பானியக் கத்திகளும் உண்டு. மீனை மெல்லிய துண்டங்களாக அரிவது போன்ற தனி வேலைகளுக்கானவை. வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறு வேறு. முதல் கத்தியாக வேண்டாம்.

## வடிவமும் கையும்

எல்லா வேலைக்கும் பொதுவான கத்தியை 'செஃப் கத்தி' என்கிறோம். அகலமான அடி (கைப்பிடியை ஒட்டிய பகுதி), முனையை நோக்கி வளைந்து ஏறும் வாய். வீட்டுக்கு 20 சென்டிமீட்டர் வாய் நீளம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். சின்னக் கத்தி பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் பெரிய முட்டைக்கோஸை 13 சென்டிமீட்டர் கத்தியால் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாலு பக்கமும் குத்திக் குத்தித் திருப்ப வேண்டும், அங்கேதான் கை தவறும். ஜப்பானில் வீடுகளுக்காக உருவான 'சான்டோகு' 16 முதல் 18 சென்டிமீட்டர் வரும். வாய் ஏறக்குறைய நேர்கோடு, முனை மழுக்கமாக இறங்கும். பலகை சிறியதாகவோ கை சிறியதாகவோ இருந்தால் அது நன்றாகப் பொருந்தும்.

எதை எடுப்பது என்பது நீங்கள் வெட்டும் விதத்தைப் பொறுத்தது. முனையைப் பலகையில் ஊன்றி, அடியை மட்டும் தூக்கித் தூக்கி ஊஞ்சல் போல ஆட்டி நறுக்குவீர்களா? வளைந்த வாய் வேண்டும். கத்தியை முழுசாகத் தூக்கி முன்னே தள்ளி இறக்குவீர்களா? நேரான வாய் சுகம். வளைந்த கத்தியில் தள்ளி வெட்டினால் வெங்காயத் துண்டுகள் அடியில் ஒட்டிக்கொண்டு மாலை போலத் தொங்கும்.

பிடிக்கும் முறை இதைவிட முக்கியம். பலர் பிடியை மட்டும் சுத்தியல் மாதிரி பிடிக்கிறார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடியைத் தாண்டி, கத்தியின் உலோகப் பகுதியையே இருபுறமும் கிள்ளிப் பிடிக்கட்டும், மற்ற மூன்று விரல்கள் பிடியைச் சுற்றட்டும். இதற்குக் 'கிள்ளுப் பிடி' என்று பெயர் வைக்கலாம். முதல் இரண்டு நாள் அந்நியமாக இருக்கும். பிறகு கத்தி பக்கவாட்டில் சாய்வதே நின்றுவிடும். மறு கையின் விரல் நுனிகளை உள்பக்கம் மடக்கி, கணுக்களைக் கத்தியின் பக்கச் சுவரில் சாய்த்து நகர்த்துங்கள்.

கடையில் கத்தியை எடுத்தால் இந்தப் பிடியிலேயே பிடித்துப் பாருங்கள். முதுகின் ஓரம் ஆள்காட்டி விரலை அறுக்கிறதா? பத்து நிமிடம் நறுக்கினால் அங்கே காய்த்துப் போகும், நல்ல கத்தியில் அந்த ஓரத்தை வழித்து விட்டிருப்பார்கள். பலகையில் வாயை வைத்தால் விரல் கணுக்கள் பலகையில் இடிக்கிறதா? அடிப்பகுதி 45 மில்லிமீட்டராவது அகலம் இருந்தால் பெரும்பாலும் இடிக்காது. எடை 150 முதல் 250 கிராம்வரை வரும். கனமானது பூசணிக்கு உதவும், இலேசானது அரை மணி நேரம் கீரை நறுக்கும் கைக்கு உதவும். எனக்கு இலேசானதே பிடிக்கும். மணிக்கட்டில் வலி இருப்பவர்கள் தயங்காமல் இலேசானதை எடுக்கலாம்.

அடுத்து கத்தியைக் கண்ணுக்கு நேராக நீட்டி, துப்பாக்கியில் குறிபார்ப்பது போலப் பாருங்கள். வாய் நேர்கோடாக ஓட வேண்டும். பிறகு அடிமூலையைப் பாருங்கள். கைப்பிடிக்கும் வாய்க்கும் நடுவே இருக்கும் கனமான உலோகத் தடிப்பு சில கத்திகளில் வாய்வரை இறங்கி நிற்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் சில வருடம் தீட்டியபின் வாய் மட்டும் தேய்ந்து, அந்தத் தடிப்பு தேயாமல் பலகையில் முட்டிக்கொண்டு நிற்கும். கத்திக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, வெங்காயம் முழுசாக அறுபடாமல் தொங்கும். தடிப்பு பாதியோடு நிற்கும் கத்தியையே எடுங்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் வேகமாகக் கடக்கிறேன். காய்ச்சி அடித்துச் செய்ததா, தகட்டிலிருந்து வெட்டியெடுத்ததா என்பதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. தகட்டுக் கத்திகள் பல மெல்லியவை, தொழில்முறைச் சமையலறைகளில் நாள் முழுக்க ஓடுகின்றன. அதேபோல, உலோகம் பிடியின் கடைசிவரை தெரிய வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. ஜப்பானிய மரப்பிடிக் கத்திகளில் உலோகம் உள்ளே பாதியில் முடிந்தும் பல்லாண்டு உழைக்கின்றன. பிடி ஆடாமல் இருந்தால் சரி.

## தீட்டத் தெரியாமல் கத்தி வாங்காதீர்கள்

கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எவ்வளவு நல்ல கத்தியும் சில மாதத்தில் மழுங்கும், அதற்கு வழி வைத்துக்கொண்டு வாங்குவதுதான் முறை. ஒரு கத்தியும் ஒரு சாணைக்கல்லும் சேர்ந்ததைத்தான் நான் ஒரு கத்தி என்று கணக்கு வைப்பேன்.

முதலில், உருளைக் கம்பி வேறு, சாணைக்கல் வேறு. சமையல்காரர்கள் கத்தியை உரசும் அந்த எஃகுக் கம்பி முக்கியமாக மடங்கிய வாயை நிமிர்த்துகிறது. புது வாய் உண்டாக்குவது கல்தான், பழைய தேய்ந்த எஃகை அகற்றிப் புது விளிம்பைத் திறக்கிறது. கம்பியில் உரசியும் தக்காளி நசுங்குகிறதென்றால் கல்லுக்கு நேரம் வந்துவிட்டது. மிகக் கடினமான கத்திகளுக்கு வரிவரியான எஃகுக் கம்பி வேண்டாம், சில்லு பெயர்க்கும்.

கல்லின் சொரசொரப்பைக் 'கிரிட்' என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூட மென்மை. ஒரே ஒரு கல் வாங்குவதென்றால் 1000 கிரிட். அதை நனைத்து, ஆடாமல் ஈரத்துணியின் மேல் வையுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் தூக்குங்கள். 45 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது 15 டிகிரி. அந்த உயரம் மாறாமல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நேரத்தைப் பார்க்காதீர்கள், பிசிறைத் தேடுங்கள். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும், எஃகு மிக மெல்லிய பிசிறாக எதிர்ப்பக்கம் மடங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்த எதிர்ப்பக்கத்தில் கட்டை விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே வழிக்கும் விதமாக மெதுவாக இழுத்தால் (ஒருபோதும் வாயின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள்) நகம் சற்று மாட்டுவது போலத் தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை அந்தத் தட்டுதல் தொடர்ச்சியாக இருந்தால் தேய்த்த பக்கம் முடிந்தது. மறுபக்கமும் அப்படியே. கடைசியில் அழுத்தமே இல்லாமல், பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறிச் சில முறை வருடினால் பிசிறு உதிர்ந்துவிடும். பிசிறு எழும் முன்பே நிறுத்திவிடுவதுதான் புதிதாகத் தீட்டுபவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு. சித்தியின் கத்தியில் நான் செலவழித்த 15 நிமிடத்தில் 10 நிமிடம் முதல் பிசிறுக்காகப் போனது.

பிறகு விளக்கின் கீழே வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ மின்னும், ஏனென்றால் அங்கே ஒளி பட்டுத் திரும்ப ஓர் அகலம் இருக்கிறது. கூரான வாயில் ஒளிக்கு நிற்க இடமில்லை, கறுப்புக் கோடாகத் தெரியும். கடையில் காட்சிக்கு வைத்த கத்தியையும் இப்படிச் சோதிக்கலாம்.

இழுத்துத் தீட்டும் சின்னக் கருவிகள் அவசரத்துக்கு உதவும். ஆனால் அவை நிர்ணயித்த ஒரே கோணத்தில் எஃகை முரட்டுத்தனமாகச் சுரண்டும். மெல்லிய ஜப்பானியக் கத்தியை அதில் விடாதீர்கள். பீங்கான் கத்திகள் நெடுநாள் மழுங்காது, ஆனால் எளிதில் உடையும். வீட்டுக் கல்லில் தீட்டவும் முடியாது, வைரத் துகள் பதித்த கல் வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எந்த நல்ல கத்தியையும் போட வேண்டாம். சூடும் கார சோப்பும் பிடியையும் எஃகையும் கெடுக்கும், மற்ற பாத்திரங்கள் வாயில் மோதும்.

கூரான கத்தி ஆபத்து என்று பயப்படுபவர்களுக்கு: மழுங்கிய கத்தியை நாம் பலத்தோடு அழுத்துகிறோம், அது வழுக்கும்போது அந்தப் பலம் முழுவதும் விரலில் போய் விழுகிறது. கூரான கத்தி நீங்கள் வைத்த இடத்தில் இறங்கும். வெங்காயத்திலும் வித்தியாசம் தெரியும், செல்கள் நசுங்காமல் அறுபடுவதால் கண்ணில் அவ்வளவு நீர் வராது. இருந்தாலும் புதிதாகத் தீட்டிய முதல் வாரம் நிதானமாக நறுக்குங்கள், கைக்குப் பழைய அழுத்தம்தான் பழகியிருக்கும்.

சித்தி அன்று புதுக் கத்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் தடுக்கவில்லை. அவர் பழைய கத்தி முதுகிலிருந்து பாதிவரை ஒரே தடிமன், கூரேறிய பிறகும் கேரட்டைப் பிளந்துகொண்டுதான் இருந்தது. கை சின்னது, கத்தியை முழுசாகத் தூக்கி வெட்டுபவர், கழுவி உடனே துடைக்கும் பழக்கம் இல்லாதவர். 17 சென்டிமீட்டர் எவர்சில்வர் சான்டோகு, கடினம் 58, கூடவே ஒரு 1000 கிரிட் கல். இரண்டாவது மாதம் அவரே தீட்டினார். "பிசிறு வந்துச்சுடா, கையில தட்டுப்பட்டுச்சு" என்று அன்று சாயங்காலமே சொன்னார். பழைய கத்தியைத் தூக்கிப் போடவில்லை. பூசணிக்கும் தேங்காய்க் கீற்றுக்கும் இப்போதும் அதைத்தான் எடுக்கிறார்.